வேர்னன் அவெனியூவின் மரங்கள்

சங்கம் என்றதும் கூட்டக் குறிப்பேடு, சந்தாப் புத்தகம், தேநீர், வருடாந்தக் கணக்கறிக்கை என்பவையே நமக்கு நினைவுக்கு வருகின்றன. இவற்றைக் கொண்டு பெரிதாக என்ன செய்துவிட முடியும் என்று எண்ணுவோரும் உளர். ஆனால் நியூயோர்க் மாநகரின் ஒரு பகுதியில், இத்தகைய சிறு கருவிகளை மட்டுமே கையில் வைத்திருந்த அயலவர் சங்கங்கள் 1,500க்கும் மேற்பட்ட வீதி மரங்களை நாட்டின. அவற்றுக்குத் தலைமை தாங்கியவர் பதவியோ பணமோ பெரும் பட்டமோ இல்லாத ஒரு முதிய பெண்மணி. அவர் பெயர் ஹற்றி கார்தன். நூற்றாண்டு காணும் ஒரு பெண்கள் சங்கத்தின் மலரில் அவரது வரலாறு இடம்பெறுவது பொருத்தமானது என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மருத்துவர் கண்ட மருந்து

வீதிகளில் மரம் நாட்டுவதை அழகுக்குரிய காரியமாகவே பலர் நினைக்கின்றனர். நியூயோர்க்கில் அது உயிர்காக்கும் காரியமாகவும் பார்க்கப்பட்டது. அந்நகரின் பொதுச் சுகாதாரத்துக்காக உழைத்த ஸ்டீபன் சிமித் என்ற மருத்துவர், கோடை வெப்பம் ஏற ஏறச் சிறு குழந்தைகளின் இறப்பும் ஏறுவதைக் கவனித்தார். காற்றோட்டமற்ற நெருக்கடியான குடியிருப்புகளில், கல்லும் செங்கல்லும் பகல் முழுவதும் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் வெளியிட்டன. குழந்தைகள் வயிற்றோட்டத்தாலும் வெப்பத்தாலும் மடிந்தனர். வீதிதோறும் மரங்கள் நின்றால் வெப்பம் தணியும் என்பது அவர் கண்ட மருந்து. 1872இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றவரும் இவரே.

அரசு உடனே செவிசாய்க்கவில்லை. ஆகவே முதலில் செயலில் இறங்கியவை தன்னார்வச் சங்கங்கள்தாம். அப்போது தனி நகராக இருந்த புரூக்ளினில் 1882இல் மரம் நாட்டுவதற்கென ஒரு சங்கம் தோன்றியது. 1897இல் நியூயோர்க்கிலும் அவ்வாறே ஒரு சங்கம் அமைந்தது. 1902இல் வீதி மரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு மாநகரப் பூங்காத் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

சட்டத்தில் பொறுப்பு எழுதப்பட்டதால் எல்லா வீதிகளுக்கும் நிழல் கிடைத்துவிடவில்லை. எந்த வீதிக்கு மரம், எந்த வீதிக்கு வெறும் கொங்கிறீற்று என்பதை வேறு காரணிகள் தீர்மானித்தன.

வரைபடத்தில் ஒரு சிவப்பு நிறம்

1930களில் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுக் கடன் நிறுவனம், நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளைத் தரம் பிரித்து வரைபடங்கள் தயாரித்தது. கடன் கொடுப்பதற்கு மிகச் சிறந்த பகுதிக்குப் பச்சை நிறம், அடுத்ததற்கு நீலம், அதற்கடுத்ததற்கு மஞ்சள், ஆபத்தானதெனக் கருதப்பட்ட பகுதிக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு நிறத்தையே பெற்றன. புரூக்ளினில் உள்ள பெட்போர்ட்-ஸ்டைவசன்ற் பகுதியும் சிவப்புக்குள் அகப்பட்டது.

அப்பகுதியில் வீடு வாங்குவதற்கோ திருத்துவதற்கோ வங்கிக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. வசதி படைத்த வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். தென் மாநிலங்களிலிருந்தும் ஹார்லெமிலிருந்தும் கறுப்பினக் குடும்பங்கள் வந்து குடியேறின. குப்பை அகற்றுதல், வீதி திருத்துதல், மரம் பராமரித்தல் ஆகிய மாநகர சேவைகள் படிப்படியாகக் குறைந்தன. பட்டுப்போன மரம் வெட்டப்பட்டால் அதன் இடத்தில் வேறொன்று நாட்டப்படவில்லை. குழி சீமெந்தால் மூடப்பட்டது.

இதன் விளைவு இன்றும் அளக்கக்கூடியதாக இருக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு 108 அமெரிக்க நகரங்களை எடுத்துப் பார்த்தது. அவற்றுள் 94 சதவீதமான நகரங்களில், முன்னர் சிவப்பு நிறமிடப்பட்ட பகுதிகளே கோடையில் அதிக வெப்பமாக இருந்தன. சராசரி வேறுபாடு 2.6 பாகை செல்சியஸ். 1930களில் மேசையில் இருந்து பூசிய நிறம் ஏறத்தாழ 90 ஆண்டுகளின் பின்னும் மக்களின் உடலில் சுடுகிறது. மரமில்லாத வீதி இயற்கையின் விதியன்று. அது யாரோ எடுத்த ஒரு முடிவு, அல்லது யாரும் முடிவெடுக்காமல் விட்டதன் பலன்.

64 வயதில் ஒரு தொடக்கம்

ஹற்றி கார்தன் 1900ஆம் ஆண்டு வேர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தவர். 1953இல் பெட்போர்ட்-ஸ்டைவசன்ற்றில் குடியேறினார். அவர் வந்தபோது வேர்னன் அவெனியூ மரங்கள் நிறைந்த வீதியாக இருந்தது. பத்து ஆண்டுகள் கழிந்தபோது விரல்விட்டு எண்ணக்கூடிய சில மரங்களே எஞ்சியிருந்தன.

1964ஆம் ஆண்டு அப்பகுதிக்குச் சோதனையான ஆண்டு. யூலை மாதத்தில் 15 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் பொலிஸ் அதிகாரி ஒருவரால் சுடப்பட்டு இறந்தான். ஹார்லெமில் மூண்ட கலவரம் பெட்போர்ட்-ஸ்டைவசன்ற்றுக்கும் பரவியது. கடைகள் உடைந்தன; இயலுமானவர்கள் வேறிடம் தேடினர். போகலாமா இருக்கலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நடந்த அந்த ஆண்டில்தான், 64 வயதான கார்தன் இருப்பதென்று முடிவெடுத்தார். தம் வீதியில் வசிப்போரை ஒன்றுசேர்த்து ஓர் அயலவர் சங்கம் அமைத்தார். தங்கள் வீதித் துண்டின் இரு முனைகளிலும் இருந்த குறுக்கு வீதிகளான ரொம்கின்ஸ், துரூப் ஆகியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சங்கத்துக்குப் பெயர் வைத்தனர். எல்லை எவ்வளவு சிறியது என்பதைக் கவனிக்க வேண்டும். நகரத்தையோ மாவட்டத்தையோ அவர்கள் திருத்தப் புறப்படவில்லை. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரைதான் அவர்களின் ஆட்சி.

பணத்துக்கு அவர்கள் நாடிய வழி நமக்கும் பழக்கமானது. வீதியில் விருந்து வைத்து, இறைச்சி சுட்டு விற்றுக் காசு சேர்த்தனர். சேர்ந்த காசில் சில மரங்களை வாங்கி நாட்டினர்.

நாலுக்கு ஆறு

1966 ஜனவரியில் ஜோன் லின்ட்சே மாநகர முதல்வராகப் பதவியேற்றார். அவ்வாண்டு தம் வீதி விழாவுக்குக் கார்தன் அவரை அழைத்தார்; முதல்வரும் வந்தார். பேசிக் கலைந்துபோகும் வருகையாக அதை விட்டுவிடக் கார்தனும் அவர் சங்கத்தாரும் தயாராக இருக்கவில்லை. அவர்களின் முயற்சியின் பயனாகப் பூங்காத் திணைக்களம் ஒரு பங்கீட்டுத் திட்டத்துக்கு இணங்கியது. அயலவர் நான்கு மரங்களுக்குப் பணம் கட்டினால் மாநகரம் ஆறு மரங்களைத் தரும்.

இந்த நாலுக்கு ஆறு என்ற கணக்குத்தான் ஒரு வீதியின் முயற்சியை ஒரு பகுதியின் இயக்கமாக மாற்றியது. தனியே நாலு மரம் வாங்கத் தயங்கிய வீதிகள், கையில் பத்து வந்து சேரும் என்றதும் முன்வந்தன. ஆனால் திட்டத்தில் சேர்வதற்கு ஒரு சங்கம் இருக்க வேண்டும். பணம் சேர்க்க ஒருவர், கணக்கு வைக்க ஒருவர், திணைக்களத்துடன் கடிதத் தொடர்பு கொள்ள ஒருவர் வேண்டும். ஆகவே மரத்துக்காகச் சங்கங்கள் பிறந்தன. கார்தன் தலைமையில் அமைந்த பெட்போர்ட்-ஸ்டைவசன்ற் அழகுபடுத்தற் குழுவில் காலப்போக்கில் ஏறத்தாழ நூறு வீதிச் சங்கங்கள் சேர்ந்தன. கிங்கோ, சிக்கமோர், தேன் லோக்கஸ்ட் முதலிய வகைகளில் 1,500க்கும் மேற்பட்ட மரங்கள் நாட்டப்பட்டன. புகையையும் இறுகிய மண்ணையும் தாங்கக்கூடியவை என்பதால் நகர வீதிகளுக்கு இவ்வகைகள் ஏற்றவை.

மரங்களைவிட முக்கியமான விளைவு ஒன்றும் உண்டு. முன்னர் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாதிருந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தனர். மரம் பற்றிப் பேச வந்தவர்கள் வீதி விளக்கு பற்றியும் குப்பை பற்றியும் பேசினர். எங்கே முறையிட வேண்டும், யாருக்கு எழுத வேண்டும் என்ற அறிவு ஒரு சங்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது.

சண்பகத்தின் உறவு

லஃபயெட் அவெனியூவில் 679ஆம் இலக்க வீட்டின் முன்னால் ஒரு பெரிய மக்னோலியா மரம் நிற்கிறது. நமது சண்பகமும் இம்மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பெரிய வெண்ணிற மலர்களும் பளபளக்கும் பசிய இலைகளும் கொண்ட இம்மரம் தென் மாநிலங்களின் வெப்பத்துக்கு உரியது. நியூயோர்க்கின் உறைபனியை அது தாங்குவது அரிது. 1885ஆம் ஆண்டளவில் வில்லியம் லெம்கன் என்பவர் வட கரோலைனாவிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து தம் வீட்டின் முன் நாட்டியது அது. பின்னால் வரிசையாக நிற்கும் கல் வீடுகள் வடக்கிலிருந்து வரும் குளிர் காற்றைத் தடுத்ததனால் மரம் தப்பிப் பிழைத்தது.

1960களின் இறுதியில் அந்த வீடுகள் கைவிடப்பட்டு, இடிக்கப்படும் நிலைக்கு வந்தன. வீடுகள் விழுந்தால் மரமும் நிலைக்காது. தெற்கிலிருந்து வந்து வடக்கின் குளிரில் வேரூன்றிய அந்த மரத்தில், அப்பகுதி மக்கள் தங்களையே கண்டதில் வியப்பில்லை. கார்தனும் அயலவரும் போராடினர். 1970 பெப்ரவரியில் நியூயோர்க்கின் மரபுரிமைச் சின்னப் பாதுகாப்பு ஆணைக்குழு அந்த மரத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. கட்டடங்களுக்கே வழங்கப்பட்டுவந்த அந்தத் தகுதியை, அதற்கு முன் அந்நகரில் ஒரேயொரு மரம்தான் பெற்றிருந்தது. குயீன்ஸ் பகுதியிலிருந்த அந்தப் பீச் மரம் பின்னர் 1998இல் பட்டுப்போயிற்று. இன்று அத்தகுதியுடன் உயிரோடு நிற்பது இந்த மக்னோலியா மட்டுமே.

மரத்தைக் காத்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. 1972இல் அவ்விடத்தை மையமாகக் கொண்டு மக்னோலியா மர நிலையம் என்ற அமைப்பை உருவாக்கினர். 1977இல் மரத்துக்கு அரணாக நின்ற 677 முதல் 679 வரையான இலக்க வீடுகளும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. வீடு மரத்தைக் காத்தது. பின்னர் மரம் வீட்டைக் காத்தது.

தண்ணீர் வாளியும் சிறுவர்களும்

மரம் நாட்டுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும். பூமாலை, புகைப்படம், உரை எல்லாம் அந்தக் காலைக்குரியவை. அதன்பின் வரும் இரண்டு மூன்று கோடைகளே மரத்தின் விதியைத் தீர்மானிக்கின்றன.

நாற்றுமேடையிலிருந்து தோண்டி எடுக்கப்படும் இளமரம் தன் வேர்களில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. நடைபாதையில் வெட்டிய சிறு சதுரக் குழியே அதன் புதிய உலகம். சுற்றிலும் உள்ள மண் மிதிபட்டு இறுகியிருக்கும். மழைநீர் கொங்கிறீற்றில் வழிந்து வடிகாலுக்குப் போய்விடும். வாகனங்கள் உரசும், நாய்கள் சிறுநீர் கழிக்கும், மாரியில் பனியை உருக்கத் தூவும் உப்பு வேரை எரிக்கும். இத்தகைய மரத்துக்குக் கோடையில் கிழமைக்கு ஏறத்தாழ 60 முதல் 75 லீற்றர் நீர் வேண்டும். குழியின் மேல்மண்ணைக் கிளறிவிட வேண்டும். தண்டில் முட்டாதபடி இலைச்சருகாலோ மரத்தூளாலோ மூடாக்கு இட வேண்டும். இவற்றில் எதுவும் கடினமான வேலையன்று. ஆனால் வாரந்தோறும் யாரோ ஒருவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

மாநகர ஊழியர் ஒவ்வொரு மரத்துக்கும் வாரந்தோறும் வர இயலாது என்பதைக் கார்தன் அறிந்திருந்தார். எனவே 1971இல் அயல் மரப் படை என்ற பெயரில் சிறுவர்களைத் திரட்டினார். நீர் ஊற்றுதல், மண்ணைப் பதப்படுத்தல், மரவகைகளை இனங்காணல், நோயைக் கண்டறிதல் ஆகியன அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய பிள்ளை அதன் கிளையை முறிக்காது. முறிக்க வரும் நண்பனையும் தடுக்கும். காவலுக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை.

1970களின் நடுவில் நியூயோர்க் மாநகரம் வங்குரோத்தின் விளிம்புக்குச் சென்றது. பூங்காத் திணைக்களத்தின் ஆளணியும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. அத்தகைய காலத்தில் வாளியுடன் ஓடும் பத்து வயதுப் பிள்ளையின் பெறுமதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

கார்தன் 1984இல் தமது 83ஆவது வயதில் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய சமூகத் தோட்டம் ஒன்று இன்றும் லஃபயெட் அவெனியூவில் இருக்கிறது.

நைரோபியில் ஏழு மரங்கள்

இதே பாடத்தை, ஏறத்தாழ அதே காலத்தில், வேறொரு கண்டத்தில் இன்னொரு பெண்மணியும் கற்றார். கென்யாவின் வங்காரி மாத்தாய், லிமுறுவில் உள்ள லொறெற்றோ கன்னியர் மடப் பாடசாலையின் பழைய மாணவி. பின்னர் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1977 யூன் 5ஆந் திகதி, உலகச் சுற்றாடல் தினத்தன்று, கென்யப் பெண்கள் தேசிய சபையினர் நைரோபி நகர மத்தியிலிருந்து ஊர்வலமாகக் கமுகுஞ்சி என்னும் திடலுக்குச் சென்று ஏழு மரங்களை நாட்டினர். பசுமைப் பட்டி இயக்கத்தின் பிறந்தநாள் அது. ஆனால் அந்த ஏழில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

விழாவில் நாட்டிய மரத்துக்கு விழா முடிந்தபின் சொந்தக்காரர் இல்லை என்பதை மாத்தாய் உணர்ந்துகொண்டார். அதன்பின் இயக்கம் கிராமப் பெண் குழுக்களின் கைக்கு மாறியது. அவர்களே விதை சேகரித்தனர், நாற்றுமேடை அமைத்தனர், கன்றுகளை வளர்த்தனர். படித்த வன அலுவலர்கள்தாம் இதைச் செய்ய முடியும் என்று கூறியவர்களும் இருந்தனர். பயிர் வளர்த்துப் பழகிய பெண்களின் கைகள் அதற்கு மறுமொழி கூறின. பெண்களுக்குச் சிறு தொகையொன்று கொடுக்கப்பட்டது. அது கன்று நாட்டியதற்காக அல்ல, நாட்டிய கன்று சில மாதங்களின் பின்னும் உயிருடன் நின்றதற்காகக் கொடுக்கப்பட்டது. இந்த ஒரு விதியே அவ்வியக்கத்தின் உயிர்நாடி எனலாம். 2004இல் மாத்தாய் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றபோது, அப்பெண்கள் நாட்டிய மரங்கள் மூன்று கோடியைத் தாண்டியிருந்தன.

மக்னோலியாவுக்காகக் கார்தன் போராடியதுபோல மாத்தாயும் நகரத்தின் பசுமைக்காகப் போராடினார். 1989இல் நைரோபியின் ஊகூறு பூங்காவில் 60 மாடிக் கோபுரம் ஒன்றைக் கட்ட அரசு முனைந்தபோது எதிர்த்து நின்றார். ஏளனத்துக்கும் அச்சுறுத்தலுக்கும் ஆளானார். கோபுரம் எழவில்லை, பூங்கா மக்களிடமே இருக்கிறது.

எண்ணிப் பார்த்தபோது

தொண்டர்கள் அனுபவத்தால் அறிந்ததைப் பிற்கால ஆய்வுகள் எண்களால் உறுதிப்படுத்தின. 1999 முதல் 2003 வரை நியூயோர்க் வீதிகளில் நாட்டப்பட்ட இளமரங்களுள் 13,405ஐ ஆய்வாளர் நேரில் சென்று பார்த்தனர். 74.3 சதவீதமானவை உயிருடன் இருந்தன. எஞ்சியவை பட்டு நின்றன, அல்லது இடமே வெறுமையாகக் கிடந்தது. நான்கில் ஒன்று போய்விட்டது. அயலவர் கவனித்ததற்கான அடையாளம் தென்பட்ட மரங்கள் அதிகமாகப் பிழைத்திருந்தன என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. கிளறிய மண், நாட்டிய பூஞ்செடி, யாரோ எழுதி வைத்த ஓர் அறிவித்தல் போன்றவையே அந்த அடையாளங்கள்.

2007 ஒக்ரோபரில் நியூயோர்க் மாநகரம் பத்து இலட்சம் மரங்கள் நாட்டும் திட்டத்தைத் தொடக்கியது. ஹன்ற்ஸ் பொயின்ற், கிழக்கு ஹார்லெம், கிழக்கு நியூயோர்க் உள்ளிட்ட ஆறு பகுதிகளுக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. மரங்கள் மிகக் குறைவாகவும் சிறுவர் ஆஸ்துமா மிக அதிகமாகவும் இருந்த பகுதிகள் அவை. மருத்துவர் சிமித்தின் கருத்து ஒரு நூற்றாண்டின் பின் அரசின் கொள்கையாயிற்று. திட்டமிட்ட காலத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2015 நவம்பரில், பத்து இலட்சமாவது மரம் நாட்டப்பட்டது.

அதே ஆண்டில் தொடங்கிய வீதி மரக் கணக்கெடுப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் பங்கெடுத்தனர். வீதி வீதியாக நடந்து, ஒவ்வொரு மரத்தின் இடம், வகை, தண்டின் பருமன், நலம் ஆகியவற்றைப் பதிந்தனர். 660,000க்கும் மேற்பட்ட மரங்கள் கணக்கில் வந்தன. அந்தப் பட்டியல் இணையத்தில் வரைபடமாக எவரும் பார்க்கக்கூடியவாறு வைக்கப்பட்டது. தம் வீட்டு முன்னால் உள்ள மரத்தைத் தேடிப் பார்த்து, இன்று தண்ணீர் ஊற்றினேன் என்று பதிவுசெய்யவும் வழி உண்டு. கூட்டக் குறிப்பேட்டின் நீட்சியே இது.

எழுப்ப வேண்டிய கேள்வி

இந்த வரலாற்றைப் புகழ்ச்சியோடு முடித்துவிடுவது எளிது, ஆனால் நேர்மையாகாது. வசதியான பகுதிகளில் மாநகரம் தானாகவே மரத்தைப் பராமரித்தபோது, வறிய வீதியின் மக்கள் மட்டும் இறைச்சி சுட்டு விற்று நாலு மரத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது ஏன்? தொண்டு என்ற பெயரில் அரசின் கடமை ஏழைகளின் தோளுக்கு, குறிப்பாகப் பெண்களின் தோளுக்கு, மாற்றப்பட்டுவிடக் கூடும். கார்தனின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. அவர் மாநகரத்தை விட்டுவிட்டு மரம் நாட்டவில்லை. மாநகரத்தை வீதிக்கு அழைத்து, பங்கு கொடுக்க வைத்தார். நாலு எங்களுடையது, ஆறு உங்களுடையது என்ற கணக்கில் பெரும்பங்கு அரசினுடையது என்பதை மறக்கக்கூடாது. பிற்காலத்தில் அந்நகரத்தில் வீதி மரம் வேண்டுமென்று விண்ணப்பித்தவர் பணம் கட்டத் தேவையிருக்கவில்லை.

இன்னொரு கசப்பும் உண்டு. 2000க்குப் பின் பெட்போர்ட்-ஸ்டைவசன்ற்றில் வீட்டு விலையும் வாடகையும் வேகமாக ஏறின. துன்ப காலத்தில் போகாமல் நின்ற குடும்பங்கள் பல, நல்ல காலம் வந்தபோது அங்கு தொடர்ந்து வாழ வசதியின்றி வெளியேறின. அதற்கு மரங்களைக் குற்றஞ்சாட்ட முடியாது. பல காரணங்கள் சேர்ந்த விளைவு அது. ஆயினும் மரத்தை நாட்டியவர் அதன் நிழலில் இருப்பதற்கும் வழி செய்யப்பட வேண்டும் என்பதை அது நினைவூட்டுகிறது. குடியிருக்கும் உரிமையைப் பேசாமல் பசுமையை மட்டும் பேசினால், நிழல் பிறருக்குப் போய்விடும்.

நமது கார்த்திகை

நம் நாட்டின் வடக்கில் கார்த்திகை மாதம் மரநடுகை மாதமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் அம்மாதம் கன்று நாட்டுவதற்கு உகந்தது. பாடசாலைகளிலும் கோயில் வீதிகளிலும் ஒழுங்கைகளிலும் ஆயிரக்கணக்கான கன்றுகள் வைக்கப்படுகின்றன. மழை ஓய்ந்து மாசி, பங்குனி வந்ததும் மண் காய்ந்து வெடிக்கிறது. கூடு இல்லாத கன்றை ஆடு கடிக்கிறது. கூடு இருந்தாலும் நீரின்றிக் காய்கிறது. அடுத்த கார்த்திகையில் அதே குழியில் இன்னொரு கன்று வைக்கப்படுவதை நாம் கண்டிருக்கிறோம்.

வேர்னன் அவெனியூவும் கமுகுஞ்சியும் நமக்குச் சொல்வது ஒன்றே. நாட்டிய மரங்களை எண்ணுவதை விட்டு, மூன்றாம் ஆண்டில் நிற்கும் மரங்களை எண்ண வேண்டும். அதற்குப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் இலக்கம், அதன் எதிரே பொறுப்பாளரின் பெயர், தை முதல் புரட்டாதி வரை யார் எந்தக் கிழமை நீர் ஊற்றுவது என்ற ஒழுங்கு, மாநகரசபையோ பிரதேச சபையோ தரவேண்டிய பங்கைக் கேட்டு ஒரு கடிதம், பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம். இவ்வளவும் ஒரு குறிப்பேட்டுக்குள் அடங்கும்.

நூறு ஆண்டுகளாகக் குறிப்பேடு எழுதிவரும் சங்கத்துக்கு இது புதிய கலையன்று. தலைமுறைக்குத் தலைமுறை செயலாளர் மாறினாலும் புத்தகம் கைமாறி வந்திருக்கிறது. கட்டிட நிதிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் பயன்பட்ட அதே பழக்கம் ஒரு வீதிக்கு நிழல் தரவும் போதுமானது. அடுத்த மழைக்கு முன் அப்புத்தகத்தில் ஒரு புதிய பக்கம் திறக்கப்படட்டும். அதன் தலைப்பில் நாட்டிய திகதிக்குப் பக்கத்தில், மூன்று ஆண்டுகளின் பின் பார்வையிட வேண்டிய திகதியும் எழுதப்படட்டும்.